போஸ்ட்கிரெஸ்கியூஎல்: ஸ்டாண்ட்பை எது என்று காட்டும் இயல்புப் பெயர்

நாகர்கோவிலில் முதன்மை சர்வரும், மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் ஊருக்கொன்றாக ஸ்டாண்ட்பையும் (முதன்மையின் தரவை நகலாக வைத்திருக்கும் மாற்று சர்வர்) ஓடும் ஒரு மொத்த வியாபாரத் தரவுத்தளத்தைப் பராமரிப்பவன் என்ற முறையில், ஸ்டாண்ட்பைக்குத் தானாகவே ஒரு பெயரைக் காட்டும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் இந்தச் சிறிய வசதியை நல்லது என்றே சொல்வேன். ஆனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதன்மை சர்வரில் ரெப்ளிகேஷன் (தரவு நகலாக்கம்) நிலவரத்தைப் பார்த்தால், இணைந்திருக்கும் ஸ்டாண்ட்பை ஒவ்வொன்றும் ஒரு வரியாக வரும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்புக்கு முன்பு, நாமாகப் பெயர் கொடுக்காவிட்டால் எல்லா வரிகளிலும் ‘வால்ரிசீவர்’ என்ற பொதுப்பெயரே இருக்கும். இரண்டு கிளைகளும் ஒரே கேட்வே வழியாக வந்தால் ஐ.பி. முகவரியை வைத்தும் ஊரைச் சொல்ல முடியாது. 12 முதல், ஸ்டாண்ட்பையின் ‘கிளஸ்டர் நேம்’ அமைப்பில் உள்ள பெயரே அங்கே தானாக வந்துவிடுகிறது.

சிக்கல் இனிமேல்தான். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் தொகுப்புகள் நிறுவும்போதே அந்த அமைப்பில் ‘16/மெயின்’ என்பதுபோல் பதிப்பு எண்ணை எழுதிவிடுவதால், மார்த்தாண்டமும் குளச்சலும் மறுபடியும் ஒரே பெயரில் வந்து நிற்கும். அமைப்புக் கோப்பு தரவுக் கோப்புறைக்குள்ளேயே இருக்கும் நிறுவல்களில், ஸ்டாண்ட்பையை உருவாக்க பேஸ் பேக்கப் (முழு நகல்) எடுக்கும்போது அதுவும் சேர்ந்து நகலாகி, ஸ்டாண்ட்பை முதன்மையின் பெயரையே சூடிக்கொள்ளும். பார்வைக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்டாண்ட்பையின் ஒப்புதல் வரும்வரை முதன்மை காத்திருக்கும் சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷனில், எந்த ஸ்டாண்ட்பையின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதையே இந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் எதற்கு முன்னுரிமை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2017-இன் ஒக்கிப் புயலைக் கண்ட மாவட்டத்தில், மின்சாரம் போன பிறகு எந்த ஊர் நகல் முழுமையானது என்று தேடிக்கொண்டிருக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

பெயர் 63 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் வைத்தால் உருக்குலைந்துவிடும். ஊர்ப் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே ஹைஃபன் போட்டால் ஒப்புதல் தர வேண்டிய ஸ்டாண்ட்பைகளின் பெயர்ப் பட்டியலில் இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டியிருப்பதால், அண்டர்ஸ்கோர் நல்லது. கிளஸ்டர் நேமை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும் என்பது எரிச்சலூட்டும் குறை. அதற்குப் பதிலாக, முதன்மையோடு இணையும் வரியிலேயே ‘அப்ளிகேஷன் நேம்’ கொடுத்தால் அதுவே மேலோங்கும். 13-ஆம் பதிப்பிலிருந்து அதற்கு ரீலோட் (சர்வரை நிறுத்தாமல் அமைப்பை மறுபடி படிக்கவைப்பது) போதும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாண்ட்பைக்கு நான் அந்த வழியையே பரிந்துரைப்பேன்.