ஹவுட்டனா, அல்மேரவா? இரண்டு டச்சுத் துணைநகரங்களின் நிலமும் குணமும்

வேலைக்குப் பெருநகரம் சென்று இரவில் உறங்க மட்டும் திரும்புவோர் வாழும் ஊரை, டச்சுக்காரர்கள் சற்றே இளக்காரமாக ‘உறங்கும் நகரம்’ என்பார்கள். 1970களில் பெருநகரங்களின் மக்கள் பெருக்கத்தை ஏற்பதற்காக அரசு தேர்ந்தெடுத்த ஊர்களில் ஹவுட்டனும் அல்மேரவும் அடங்கும். முன்னது பழைய கிராமம் ஒன்றைச் சுற்றி வளர்ந்தது. பின்னது நேற்றுவரை நீருக்கடியில் கிடந்த மண்ணில் எழுந்தது.

உத்ரெக்ட் நகரிலிருந்து ரயிலில் சுமார் 10 நிமிடத் தொலைவில் உள்ள ஹவுட்டனில் ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கிறார்கள். ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை ஓடுகிறது. ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் செல்பவர் பெரும்பாலும் அந்த வளையத்துக்கு வெளியேறி, சுற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளில் செல்பவரோ ஊரின் நடுவே நேராகப் போய்விடுவார். சில தெருக்களில் சிவப்புத் தார் போட்டு, ‘கார் இங்கே விருந்தாளி’ என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் தண்டவாளத்துக்குக் கீழேயே ஆயிரக்கணக்கான சைக்கிள்களை நிறுத்தலாம். பூட்டிவிட்டுப் படியேறினால் நடைமேடை. கார் ஓட்டத் தடை ஏதும் இல்லை, அது சற்றே சலிப்பூட்டும் வேலையாக ஆக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு நாசூக்கான நகரத் திட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே அல்மேர அமைந்திருக்கும் தெற்கு பிளேவோலாந்து, 1968இல் நீரை வடித்து மீட்கப்பட்ட நிலப்பரப்பு. முதல் குடியிருப்பாளர்கள் 1976இல் ஹாவன் பகுதிக்கு வந்தார்கள். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே உள்ள இந்த மண்ணில் இன்று 2,20,000க்கும் மேற்பட்டோர் வாழ்வது, அணைகளும் நீரேற்று நிலையங்களும் ஓயாமல் இயங்குவதால்தான். ஹாவன், ஸ்டாட், பாய்டன், போர்ட் என ஊர் பல மையங்களாகப் பிரிந்து, இடையே மரங்களும் நீர்நிலைகளுமாகக் கிடக்கிறது. பேருந்துக்கென்று தனிப் பாதைகளும், நல்ல சைக்கிள் பாதைகளும் இருந்தும், ஹவுட்டனில் உள்ள ‘எல்லாம் கைக்கெட்டும் தூரம்’ என்ற உணர்வு இங்கே வருவதில்லை. ஆம்ஸ்டர்டாம் செல்வோர் அனைவரும் சில பாலங்களையே நம்பியிருப்பதால், காலை நெரிசல் அந்தக் குறுகிய வாயில்களில்தான் திரள்கிறது.

ஆனால் ‘உறங்கும் நகரம்’ என்ற பட்டம் இன்று அல்மேரவுக்குத்தான் குறைவாகப் பொருந்தும். பெரிய மருத்துவமனை, நாடக அரங்கு, டச்சுக் கட்டிடக் கலைஞர் ரெம் கோல்ஹாஸின் நிறுவனம் திட்டமிட்ட, கார்கள் கீழும் நடப்போர் மேலுமாகச் செல்லும் அடுக்கு நகர மையம் ஆகியவை அங்கேயே இருக்கின்றன. ஹவுட்டன்வாசி இவற்றுக்கெல்லாம் உத்ரெக்டைத்தான் நாடுகிறார்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் ஹவுட்டனைச் சொல்வேன். ஆனால் அதற்கு அழகு தரும் வளையமே அதன் வேலியும் ஆகிவிட்டது. வளையத்துக்குள் புது வீடுகளுக்கு இடம் அரிது. தன் வீட்டைத் தானே வடிவமைத்துக் கட்ட நினைப்பவருக்கோ, தனிமனிதர்களுக்கு மனை விற்ற, அல்மேரவின் போர்ட் பகுதியில் உள்ள ஹோமரஸ் குடியிருப்பு ஒருமுறை சுற்றிப் பார்க்கத் தக்கது: ஒரே தெருவில் ஒரு வீட்டைப் போல் மற்றொரு வீடு இருக்காது.