சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் 15,349 கி.மீ. என்று வரும். கையாலேயே சரிபார்க்கலாம். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் (104 கிழக்கு, 74 மேற்கு) உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிரே இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138; பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,300 சொச்சம்.

ஆனால் இந்தச் சேவையை நடத்தும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. போகும்போது பசிபிக்கைக் கடந்து, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொள்கிறது. திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. நியூயார்க்குக்குப் பக்கத்து நெவார்க் விமான நிலையத்துக்கான சேவையை 2018இல் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸே பாதையைச் சுமார் 16,700 கி.மீ. என்றுதான் அறிவித்தது. தூரத்தை 900ஆல் வகுக்கும் இணையக் கணிப்பான்கள் 17 மணி நேரம் என்று சொல்லிவிடும்; டிக்கெட்டில் 18¾ மணி நேரத்தை ஒட்டி இருக்கும். சுற்றுவழியோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வாயிலில் வந்து நிற்பதும் அதில் சேர்த்தி. இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

கடிகாரமும் ஏமாற்றும். நேர வித்தியாசம் அமெரிக்கக் கோடையில் 12 மணி, குளிரில் 13. நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் அதே தேதியின் காலையில் இறங்குவீர்கள்; ஹோட்டல் பதிவில் பலர் தவறுவது இங்கேதான்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை). எரிபொருள் 1,65,000 லிட்டர், வழக்கமான வகையைவிட ஏறத்தாழ 24,000 அதிகம். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. அது வேண்டுமென்றால் பிராங்க்ஃபர்ட்டில் நின்று போகும் சேவையைப் பாருங்கள். சில மணி நேரம் கூடும், காலாற நடக்கலாம்.

பிரீமியம் எகானமியில் வரிசைக்கு வரிசை இடைவெளி 38 அங்குலம், அமைப்பு 2-4-2. விமானத்தின் வால் பக்கம் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை இருக்கிறது. தனியாகப் போகிறவர்கள் பணம் கொடுத்தாவது அதைப் பிடிக்கலாம்: எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டாம். இவ்வளவு நீண்ட பயணத்தில் கால் வீங்காமலிருக்க அந்த நடை முக்கியம். இறுக்கக் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்வாசிகளுக்கு இது தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்க சேவை. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சென்னை – நியூயார்க் நேர்தூரம் சுமார் 13,475 கி.மீ.; சிங்கப்பூர் சுற்றினால் 18,270. கிட்டத்தட்ட 4,800 கி.மீ. வீண் அலைச்சல். வளைகுடா அல்லது ஐரோப்பா வழியே போவதுதான் உடம்புக்கு நல்லது.