பீடோரில் வீடு பார்க்கிறவர்கள் கவனத்துக்கு: கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) நகலை நம்பிக் காசு கட்டாதீர்கள்

அப்பா செம்பனைத் தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதனால் சேமநிதிக் காசில் முன்பணம் கட்டி மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர் பக்கம் ஒரு டெரஸ் வீடு வாங்கலாம் என்று தேடினோம். கோயில் திருவிழாவில் அறிமுகமானார் ஒரு ஏஜென்ட். நம்ம ஆள்தான், அப்பாவை வாய் நிறைய மாமா, மாமா என்பார். கழுத்தில் சிவப்பு அட்டை, அதில் ஆர்இஎன் எண், அதாவது வீடு விற்றுத் தருபவர்களுக்கான பதிவு எண். வீட்டுச் சாவியும் அவர் கையிலேயே இருந்தது.

விலை 180,000 வெள்ளி. மூன்று விழுக்காடு புக்கிங், 5,400 வெள்ளி, இன்றே கட்டாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார் என்றார். "கம்பெனி கணக்கில் போட்டால் லேட்டாகும், என் கணக்கில் போடுங்க மாமா, நான் கட்டிடுறேன்." சாப்பாட்டுக் கடை மேசையில் உட்கார்ந்தபடியே நான்தான் கைப்பேசியில் அனுப்பினேன். அவர் காட்டிய கிராண்ட் நகலில் உரிமையாளர் பெயர் இருந்த வரி மட்டும் மற்ற எழுத்தைவிடக் கறுப்பாக, லேசாகச் சாய்ந்து இருந்தது. பார்த்தேன். போட்டோஸ்டாட் மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம், லோயர் அக்ரிமெண்ட் தயார் செய்கிறார் என்றே ஓட்டினார். அப்புறம் போன் எடுக்கவில்லை.

தாப்பா நில அலுவலகத்துக்குப் போய் அந்த வீட்டுக்குச் சாரியான், அதாவது நிலப் பதிவேட்டு விவரம், எடுத்தோம். லாட் எண்ணும் கிராண்ட் எண்ணும் இருந்தால் போதும், வீடு யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறதா, யாராவது கேவியட் (விற்கவிடாமல் தடை) போட்டிருக்கிறார்களா எல்லாம் வந்துவிடும். வந்த பெயர் வேறு, வங்கிக் கடனும் இருந்தது. உண்மையான உரிமையாளர் ஒரு வயதான அம்மா, வாடகைக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்லி அந்த ஆளிடம் சாவியையும் கிராண்ட் நகலையும் கொடுத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். வீடு வைத்திருப்பவர்களே, கிராண்ட் நகலை இப்படி யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அட்டையில் இருந்த எண்ணை ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடினால் வேறொருவர் பெயர் வருகிறது. இதை முதல் நாளே இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். பதிவு பெற்ற ஏஜென்டாகவே இருந்தாலும் புக்கிங் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கக்கூடாது, நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் நீங்களே வைத்த லோயரிடம் கட்டுங்கள். அனுப்புவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணைப் மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்திலும் போட்டுப் பாருங்கள்.

விஷயம் தெரிந்த பிறகும் வெட்கத்தில் நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தோம், அதுதான் இன்னும் வலிக்கிறது. ஏமாந்தது தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கும் உங்கள் வங்கிக்கும் அடியுங்கள், பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்த வழி உண்டு.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. சுங்காய், ஸ்லிம் ரிவர் பக்கம் இதே மாதிரி யாராவது வாடகை வீட்டுச் சாவியோடு வந்து புக்கிங் கேட்டால் எனக்கு எழுதுங்கள், ரிப்போர்ட் எண்ணைத் தருகிறேன்.