மட்டக்களப்பில் 'ஃபுல் செட்' கேமிங் பிசி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு டவுன், கல்முனை, அக்கரைப்பற்று என்று நம்ம பக்கத்தில் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக லைட் சுற்றும் கேமிங் கொம்பியூட்டர்கள் நிறைய விற்கிறார்கள். எல்லாக் கடையையும் சொல்லவில்லை, நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். என் தங்கச்சியின் மகன் டவுனில் ஒரு கடையில் வாங்கிய செட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, கேட்டு இன்பொக்ஸுக்கும் வரவேண்டாம். இதே மாதிரி செட்டை வேறு இடங்களிலும் விற்கிறார்கள். பெயரைவிடப் பொருளைத் தெரிந்து வைத்திருப்பதுதான் பிரயோசனம்.

மருமகன் ஏ.எல். முடித்துவிட்டுக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான். மிச்ச நேரம் கேம். கட்டாரில் இருக்கும் தகப்பன் அனுப்பிய காசில் 185,000 ரூபாவுக்கு எடுத்தான், மொனிட்டர் தனி. கடையில் கொடுத்த பில்லில் இருந்தது ஒரே வரி: 'கேமிங் பிசி, 16 கோர், ஐ7 லெவல், 8 ஜிபி கார்ட், 750 வொட் பவர், ஆர்ஜிபி ஃபேன் 6, வாரண்டி 1 வருடம்.' எந்த மொடல், எந்தக் கம்பெனி, சீரியல் நம்பர் என்ன என்று ஒன்றும் இல்லை. ஆர்ஜிபி, அதாவது கலர் லைட் ஃபேன் எத்தனை என்பது மட்டும் சரியாக எழுதப்பட்டிருந்தது.

தங்கச்சி வீடு ஆரையம்பதியில். ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார், டிவி, ஃபேன் எல்லாம் சேர்த்து மாதம் 120 யூனிட்டுக்குள் நிற்கிற வீடு. பிசி வந்த பிறகு வந்த முழு மாதப் பில்லில் 180 தாண்டிவிட்டது. வீட்டு மின்சாரத்தில் இது சும்மா 60 யூனிட் கூடின விஷயம் இல்லை. 60, 90, 120, 180 என்று படி படியாக விலை ஏறுகிறது. 180-ஐத் தாண்டினால் மேலே போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஆகக் கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். தங்கச்சி பில்லைப் பார்த்துவிட்டு மீட்டரில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாள்.

கடைக்கு போன் எடுத்துக் கேட்டோம். பதில் உடனே வந்தது. "ஆறு ஃபேன்லயும் லைட் எரியுதுதானே அண்ணன், அதை ஓஃப் பண்ணி வைங்க, பில் தானா இறங்கும்."

இந்தப் பொய் நல்லா எடுபடுகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது லைட்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஃபேன்களில் இருக்கிற குட்டி எல்ஈடி ஒன்று, 5 வோல்ட்டில், முழு வெள்ளை நிறத்தில் எரிந்தால்கூட சுமார் 0.3 வொட்தான் இழுக்கும். ஒரு ஃபேனில் பத்து எல்ஈடி என்று வையுங்கள், 3 வொட். ஆறு ஃபேனுக்கு 18. நிறம் மாறி மாறி ஓடும்போது அதைவிடவும் குறைவு. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் எரிந்தாலும் மாதம் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் வராது. நாங்கள் தேடுவது 60 யூனிட்டை.

சரி, அளந்து பார்ப்போம் என்று மீட்டரடிக்குப் போனோம். வொட் மீட்டர் வாங்கத் தேவையில்லை, இதை யாரும் செய்யலாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட் மினுங்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சடித்திருக்கும். தங்கச்சி வீட்டு மீட்டரில் 1600. வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிப்பாட்டிவிட்டுப் பிசியையும் மொனிட்டரையும் மட்டும் போட்டோம். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பார்த்து 2250-ஐ அதால் பிரித்தால் வொட் கிடைக்கும். உங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தால் 2250-க்குப் பதில் 1125 போடுங்கள்.

சும்மா டெஸ்க்டொப்பில் நிற்கும்போது 22 செக்கன், அதாவது 100 வொட்டுக்கு மேல். ரிமோட்டால் லைட் எல்லாவற்றையும் ஓஃப் பண்ணினோம். 25 செக்கன், 90 வொட். லைட்டின் பங்கு அவ்வளவுதான், ஒரு 12 வொட். கேமைப் போட்டதும் ஏழரை செக்கனுக்கு ஒருதரம் மினுங்கியது. 300 வொட். பொடியன் ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் விளையாடுகிறான், இன்னொரு ஆறு மணித்தியாலம் டவுன்லோட், எடிட்டிங் என்று ஓடுகிறது. அது மட்டும் மாதம் 60 யூனிட்டுக்கு மேல். பில் சரி, மீட்டரும் சரி.

அப்புறம்தான் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தோம்.

'16 கோர் ஐ7 லெவல்' என்பது இன்டெல் சியோன் ஈ5-2650 வி2. 2013-இல் வந்த சர்வர் ப்ரொசசர். உண்மையான கோர் 8-தான், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதால் 16 த்ரெட், அதைத்தான் 16 கோர் என்று எழுதியிருக்கிறார்கள். 95 வொட். பெரிய கம்பெனிகளின் சர்வர்களில் இருந்து கழற்றிய இந்தச் சிப்புகளைச் சீனாவில் செய்யும் எக்ஸ்79 என்ற வகை மதர்போர்டில் மாட்டி விற்கிறார்கள். பழைய சாமான், குறைந்த விலை என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை, எடிட்டிங்குக்குப் பரவாயில்லாமல் ஓடும். ஆனால் புது விலைக்குப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். விண்டோஸ் 11 இந்த ப்ரொசசருக்கு உரியது அல்ல, குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால் அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வலோரன்ட் கேமைத் திறந்தால் 'வான் 9001' என்று பிழை காட்டி நிற்கும். விண்டோஸ் 11-இல் அந்த கேமுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், பிசி ஓன் ஆகும்போதே சோதிக்கிற செக்யூர் பூட் என்ற வசதியும் வேண்டும். இந்தப் போர்டில் டிபிஎம் கிடையாது. கடையில் இதற்குச் சொன்ன காரணம், "உங்கட நெட் ஸ்லோ."

'8 ஜிபி கார்ட்', அதாவது கேமின் படத்தைத் திரைக்குக் கொடுக்கிற கிராஃபிக்ஸ் கார்ட், ஆர்எக்ஸ் 580 என்று வாயால் சொன்னார்கள். ஜிபியு-இசட் என்கிற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், ஷேடர் என்கிற, படத்தைக் கணக்குப் போடும் குட்டி அலகுகள் 2048. 2017-இல் வந்த உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் 2304 இருக்கும். 2048 உள்ளது 2018 கடைசியில் சீனச் சந்தைக்கென்று விட்ட வகை, வேலையில் அது ஆர்எக்ஸ் 570-தான். கூலரைக் கழற்றினால் உள்ளே பழைய தூசி, ஸ்க்ரூ தலையெல்லாம் தேய்ந்திருந்தது. 2022 செப்டெம்பரில், எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்ற பிறகு இப்படி இராப்பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. இதுவும் அந்தக் கூட்டத்தில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம் ப்ரொசசரும் இல்லை, கார்டும் இல்லை. பவர் சப்ளை.

வெளியில் பெரிய எழுத்தில் 750 வொட், அதற்குள்ளும் ஒரு லைட் ஃபேன். பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன லேபலை வாசித்தால், 12 வோல்ட் வரியில் 20 அம்பியர். பன்னிரண்டை இருபதால் பெருக்கினால் 240 வொட். இந்தக் காலத்துப் பிசியில் ப்ரொசசருக்கும் கார்டுக்கும் ஃபேனுக்கும் போவது அந்த 12 வோல்ட்தான். அதாவது 750 என்று எழுதின பெட்டி அந்த வரியில் 240-க்கு மேல் கொடுக்க முடியாது என்று அந்த லேபலே சொல்கிறது. கேம் ஓடும்போது இந்த செட் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் நின்றிருக்கும். நடு கேமில் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் அதுதான். பின்பக்கத்தில் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் வேறு. நம்ம நாட்டுக் கரண்ட் 230 வோல்ட். யாராவது சின்னப் பிள்ளை விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஓன் பண்ணினால் பெட்டி வெடிச் சத்தத்தோடு போய்விடும்.

கார்டுக்குப் போக வேண்டிய 8 பின் வயர் அந்த சப்ளையில் இல்லவே இல்லை. மொலெக்ஸ் என்கிற பழைய நாலு பின் தலையில் இருந்து ஒரு மாற்று வயர் போட்டிருந்தார்கள். ஒழுங்கான 8 பின் தலைக்கு மூன்று 12 வோல்ட் வயர் வரும், 150 வொட் வரை தாங்கும். மொலெக்ஸில் 12 வோல்ட் வயர் ஒன்றே ஒன்று. நாங்கள் திறந்து பார்த்தபோது அந்தத் தலையின் வெள்ளைப் பிளாஸ்டிக் மண்ணிறமாகி, ஒரு பக்கம் இளகிப்போய் இருந்தது. பொடியன் இரவில் டவுன்லோட் போட்டுவிட்டுத் தூங்குகிறவன். கச்சான் காற்றுக் காலத்தில் அந்த அறை பகலில் எப்படி வேகும் என்று ஆரையம்பதி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டியின் முன்பக்கமும் முழுக் கண்ணாடி, காற்று உள்ளே போக வழியில்லை. அந்த ஆறு ஃபேனும் உள்ளிருக்கும் சூட்டையே சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் வயரும் போர்டில் மாட்டுகிற வகை இல்லை, கூட வந்த ஹப் என்கிற இணைப்புப் பெட்டியில் மட்டும்தான் ஏறும். சூட்டுக்கு ஏற்ப வேகம் கூடாது, குறையாது. ஒன்று பழுதானால் தனியாக வாங்கவும் கிடைக்காது.

பிசியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். இளகின தலையைக் காட்டினேன். முதலில் "உங்கட வீட்டு வயரிங் சரியில்லை அண்ணன்" என்றார். மற்ற எல்லாச் சாமானும் நன்றாகத்தானே ஓடுகிறது என்றதும், ஒரு 650 விஏ யுபிஎஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்றார். அந்த அளவு யுபிஎஸ் கொடுப்பதே 360 வொட் அளவுதான், மொலெக்ஸ் தலைக்கு அதனால் என்ன பிரயோசனம்? வாரண்டியைக் கேட்டோம். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வருடம் என்றால் 350 நாள், கருகியது, துருப்பிடித்தது, மின்னல் தாக்கியது சேராது. எங்களுடையது கருகியது. பவர் சப்ளையையாவது மாற்றித் தரச் சொன்னதற்கு, "முதலாளி கொழும்புக்குப் போயிருக்கார், மறுகா வாங்களன்." மறுகா போனோம். முதலாளி இருந்தார். சாமான் விற்ற பிறகு பொறுப்பு இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்.

இப்போது 500 வொட் ப்ரொன்ஸ் சப்ளை ஒன்றை வேறு கடையில் வாங்கி மாட்டியிருக்கிறோம். 12 வோல்ட்டில் 40 அம்பியர், கார்டுக்கு நேரடி 8 பின் வயர். கேமில் படம் செக்கனுக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாமல் நிறுத்தி, ஏஎம்டி மென்பொருளில் கார்டின் பவரைக் கொஞ்சம் குறைத்தோம். மீட்டர் இப்போது கேம் நேரத்தில் பத்து செக்கனுக்கு ஒருதரம்தான் மினுங்குகிறது, 225 வொட். இரவில் ஸ்லீப்புக்குப் போகும்படியும் வைத்தாயிற்று. கடைசிப் பில் 180-க்குக் கீழே. லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, பொடியனுக்கு அது பிடிக்கும், எரியட்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பவர் சப்ளையின் பக்க லேபலைக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட் அம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வெளியில் எழுதினதற்குக் கிட்ட வராவிட்டால் பேசவே வேண்டாம். 80 பிளஸ் (கரண்டை வீணாக்காத சப்ளைக்குக் கொடுக்கும் சான்று, ப்ரொன்ஸ் அதில் ஒரு தரம்) என்று ஸ்டிக்கர் இருந்தால் அந்த மொடல் உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று 80 பிளஸ் இணையத்தளத்தில் போனிலேயே பார்க்கலாம். ப்ரொசசர், போர்ட், கார்ட், சப்ளை நான்கின் மொடலும் சீரியல் நம்பரும் பில்லில் வரவேண்டும். அதை எழுதித் தர யோசிக்கிற கடையில் காசைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இப்படி செட் வாங்கினவர்கள் இன்றைக்கே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கக் கண்ணாடியைத் திறந்து, கார்டுக்குப் போகும் வயர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மொலெக்ஸில் இருந்து வந்தால், மாற்றும் வரைக்கும் கேம் போட வேண்டாம்.

முறைப்பாடு செய்ய நினைக்கிறவர்களுக்கு: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே 'மறுகா வாங்க' என்று இழுத்தடிக்கிற கடையோடு நாளைக் கடத்தாதீர்கள். பில், லேபல், கருகின தலை எல்லாவற்றையும் படம் எடுத்து, பழைய சப்ளையையும் எறியாமல் வைத்திருங்கள்.

நாங்கள் கொடுத்துவிட்டோம். கொடுத்த விஷயம் எப்படியோ கடைக்குத் தெரிந்து, மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் ரெண்டு ஆர்ஜிபி ஃபேன் சும்மா தருவார்களாம்.