அடங்காத நெஞ்சுவலி: மாத்திரையா, கால்பட்டையா, இதயச் சிரைக் கருவியா?

ஸ்டென்ட் வைத்தாயிற்று, பைபாஸும் முடிந்தது, இனி எதுவும் செய்ய இரத்தக்குழாயில் இடமில்லை என்கிறார்கள். ஆனாலும் வலை இழுத்தால் நெஞ்சு பிடிக்கிறது. 3 மாதத்துக்கு மேல் இப்படியே இருந்து, இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பது ஸ்கேனிலும் தெரிந்தால் அது அடங்காத ஆஞ்சைனா. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்துக் கடல் தொழிலாளி ஒருவருக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

முதலில் மாத்திரை. சிலருக்குக் கோளாறு மருந்தில் இல்லை, நேரத்தில்தான் இருக்கும். இரத்தக்குழாயைத் தளர்த்தும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மி.கி. என்றால் வழக்கமாகக் காலை 8, பிற்பகல் 3 என்று சீட்டில் எழுதுவார்கள். இரவு முழுக்க இடைவெளி விடுவது வேண்டுமென்றேதான். விடாவிட்டால் உடம்பு பழகி மருந்து வேலை செய்யாது. ஆனால் வள்ளம் கிளம்புவது விடியுமுன் 2 மணிக்கு என்றால், வலை இழுக்கும்போது மருந்தின் துணையே இராது. தொழில் நேரத்தை டாக்டரிடம் சொல்லி, 2 மணிக்கும் 9 மணிக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உப்புநீர் படாத டப்பாவில் வையுங்கள்; உட்கார்ந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கித் தள்ளாடிக் கடலில் விழ நேரும். நெஞ்சுவலிக்கான ரானோலசின், ஐவாபிரடின் மாத்திரைகளைச் சேர்க்கும்போது, பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் தரும் டில்டியாசெம் ஏற்கெனவே ஓடுகிறதா என்று பாருங்கள். டில்டியாசெமோடு ஐவாபிரடின் கூடாது. ரானோலசினின் அளவைக் குறைக்க வேண்டும்.

அடுத்தது கால்பட்டை, அதாவது இ.இ.சி.பி. சிகிச்சை. கெண்டைக்கால், தொடை, பிட்டத்தில் காற்றுப்பட்டை கட்டி, இதயம் தளரும் நொடியில் ஊதி இரத்தத்தை மேலே தள்ளுவது. தினம் 1 மணி நேரம், வாரம் 5 நாள், மொத்தம் 35 தடவை, அதாவது 7 வாரம். தினமும் மதுரைக்கு ஓட முடியாது, தங்கத்தான் வேண்டும். விசைப்படகில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்கு வாகாக அமையும். காலில் இரத்தக்கட்டு, மகாதமனி வால்வில் கடும் கசிவு, மகாதமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆகாது. தோல் உரசிப் புண்ணாவது அடிக்கடி வரும். சர்க்கரைக்காரர் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ரெட்யூசர் என்கிற இதயச் சிரைக் கருவி. உடுக்கை வடிவில் ஒரு எஃகு வலை, நடுக்கழுத்து 3 மி.மீ. வலது கழுத்துச் சிரை வழியாக இதயத் தசையின் இரத்தத்தை வடிக்கும் இதயச் சிரைக்குள் கொண்டுபோய் பலூனால் விரிப்பார்கள். வடிகால் மடையைப் பாதி அடைத்தால் மேட்டு வயலுக்கும் தண்ணீர் ஏறுவதுபோல, பின்னழுத்தம் கூடி, பட்டினி கிடக்கும் உட்தசைக்கு இரத்தம் போகும் என்பது கணக்கு. வைத்த அன்றே பலன் வராது. வலைமேல் திசு படர 4 முதல் 6 வாரம் ஆகும். வலது இதயப் பகுதியில் மட்டும் குறை இருந்தால் உதவாது, ஏனென்றால் அந்த இரத்தம் பெரும்பாலும் இந்தச் சிரை வழியே வடிவதில்லை.

கருவி எடுபடுகிறதா என்று சோதித்த விதமே இங்கே முக்கியம். 2015இல் வெளியான, ரெட்யூசரைச் சோதித்த கோசிரா ஆய்வில் 104 பேர். தனக்குக் கருவி வைத்தார்களா, வைத்ததுபோல் பாவனை செய்தார்களா என்பது நோயாளிக்குத் தெரியாது. வலியின் கடுமையை 4 படியாகப் பிரிப்பார்கள்; அதில் 2 படியாவது இறங்கியது கருவிக்காரரில் 35%, மற்றவரில் 15%. ஒரு படியாவது இறங்கியது 71%, 42%. எதுவுமே வைக்காதவர்களிலும் 42% என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் "வைத்துக்கொண்டேன், சுகமாயிற்று" என்கிற ஒருவர் பேச்சை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 2024இல் பிரிட்டனில் வந்த, அதே கருவியைச் சோதித்த ஆர்பிட்டா-காஸ்மிக் ஆய்வு, 51 பேரின் வலியை ஃபோன் செயலியில் நாள்தோறும் எண்ணியது: கருவிக்காரருக்கு வலி குறைந்தது, ஆனால் எம்.ஆர்.ஐ.யில் குறை தெரிந்த பகுதிகளில், தசையின் முழுத் தடிப்புக்கும் சேர்த்து அளந்த இரத்த ஓட்டம் கூடவில்லை. 2 பேருக்குக் கருவி இடம் நகர்ந்தது. கால்பட்டையைச் சோதித்த 1999 ஆய்விலும் போலிச் சிகிச்சை உண்டு; ஆனால் அழுத்தம் குறைந்த பட்டையை நோயாளி உணர்ந்துகொள்ள வாய்ப்புள்ளதால், மறைப்பு அவ்வளவு இறுக்கமில்லை.

எங்கள் தீர்ப்பு: முதலில் மாத்திரை நேரம், பிறகு தடைக்காலத்தில் கால்பட்டை, அதிலும் தேறாமல் இடப்பக்கக் குறை ஸ்கேனில் உறுதியானவருக்கு மட்டும் ரெட்யூசர். எதைத் தொடங்கினாலும் 2 வாரம் முன்பே நோட்டுப் போடுங்கள்: என்ன வேலை செய்தபோது வலித்தது, எத்தனை நிமிடம், எத்தனை சார்பிட்ரேட். சிகிச்சைக்குப் பின்னும் அதே நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள்.