எஸ்670-லிருந்து எஸ்எக்ஸ்700-க்கு மாறலாமா? ஆராதனையில் வாசிப்பவரின் மதிப்பீடு

மார்த்தாண்டத்துக்கு அருகே நான் வாசிக்கும் சபையில் இருப்பது 2015-இல் வெளிவந்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்670 கீபோர்டு. அதைக் கொடுத்துவிட்டு 2019-இல் வந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700-க்கு மாறலாமா என்று சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்ததால், நாகர்கோவில் கடை ஒன்றிலும், பின்பு நண்பர் ஒருவரின் கருவியை வாங்கி வந்து எங்கள் ஆராதனையிலும் வாசித்துப் பார்த்தேன். 2024-இல் அதற்கு அடுத்த மாடலான எஸ்எக்ஸ்720 வந்துவிட்டதால், 700-ஐத் தேடுபவர் கடையில் மிஞ்சியிருக்கும் பழைய சரக்கையோ செகண்ட் ஹேண்டையோதான் பார்க்க வேண்டியிருக்கும். ஒலி நயத்துக்காக மட்டும் மாறுவது வீண் செலவு என்பதும், நம் பாட்டுகளுக்குரிய தாளங்களைத் தாமே அமைத்து வாசிப்பவர் தயங்காமல் மாறலாம் என்பதும் என் முடிவு.

தாளத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எஸ்670-இல் 230 ஸ்டைல்களும் (கருவி தானே ஓட்டும் தாள, பின்னணி இசை அமைப்புகள்) எஸ்எக்ஸ்700-இல் 400 ஸ்டைல்களும் இருக்கின்றன. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி மேல்நாட்டு இசைக்கானவை. ரூபக தாளத்தில் நடக்கும் ஒரு கீர்த்தனைக்கு வால்ட்ஸ் ஸ்டைலைப் போட்டால், மூன்று எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், பாட்டு மட்டும் ஆலயத்தை விட்டு நடன அரங்குக்குப் போய்விடும். ஆகவே இங்கே வாசிப்பவர்களில் பலர், தபலா, டோலக், மிருதங்க ஒலிகளை எக்ஸ்பான்ஷன் பேக்காக (கருவியில் கூடுதலாகச் சேர்க்கும் ஒலித் தொகுப்பு) ஏற்றி, கருவியிலேயே உள்ள ஸ்டைல் கிரியேட்டரில் தாங்களே தாளம் கட்டிக்கொள்கிறார்கள். எஸ்670-இல் இதற்குக் கிடைக்கும் இடம் சுமார் 32 எம்பி. தாளக் கருவிகளை ஏற்றிவிட்டு நாதஸ்வரத்தையும் ஏற்ற நினைத்தால் எதையாவது இறக்க வேண்டியதாகிவிடும். எஸ்எக்ஸ்700-இல் சுமார் 400 எம்பி இருப்பதால், ஞாயிறு ஆராதனைக்கு ஒரு தொகுப்பு, கல்யாண வீட்டுக்கு வேறொரு தொகுப்பு என்று மாற்றி மாற்றி ஏற்றும் வேலை ஒழிகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த மேம்படுத்தலின் உண்மையான பயன் இதுவே.

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது எஸ்எக்ஸ்700-இல் உள்ள கார்டு லூப்பரை. ஸ்டைல் ஓடும்போது இடது கையால் பிடிக்கும் கார்டு (chord, ஒருசேர ஒலிக்கும் சுரங்கள்) வரிசையை அது பதிவு செய்துகொண்டு, பிறகு தானே திரும்பத் திரும்ப ஓட்டும். இடது கை விடுபடுவதால் மேடைக் கச்சேரியிலும் கன்வென்ஷன் கூட்டத்திலும் பயன்படக்கூடிய வசதிதான். சபையாரோடு வாசிக்கும்போது கதை வேறு. பல்லவியின் கடைசிச் சொல்லை நீட்டி, நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டுதான் எங்கள் சபையார் அடுத்த அடிக்கு வருவார்கள், லூப்பர் அதுவரை காத்திருக்காது. நான் முயன்ற கீர்த்தனையில் இரண்டாம் சரணத்துக்குள்ளேயே கருவி ஒரு கார்டு முன்னால் போயிருந்தது. பாடற்குழுவினர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இடது கையை எடுத்தவுடன் தாளத்தை நிறுத்தி, மீண்டும் கார்டு பிடித்ததும் தொடங்கும் சிங்க்ரோ ஸ்டாப் வசதியே இத்தகைய இடத்தில் கைகொடுக்கும். அது எஸ்670-இலேயே இருக்கிறது.

எஸ்எக்ஸ்700-இன் 7 அங்குல வண்ணத் தொடுதிரை, எஸ்670-இன் கறுப்பு வெள்ளைத் திரைக்குப் பழகிய கண்ணுக்குப் பெரிய ஆறுதல். கட்டைகளின் அழுத்தமும் விரலுக்கு இதமாக இருக்கிறது. புல்லாங்குழலும் வயலினும் ஹெட்போனில் தெளிவாகவே மேம்பட்டிருக்கின்றன; ஆலயத்தின் பழைய குழாய் ஸ்பீக்கர் வழியாக வந்தபோது, கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. உங்கள் சபையிலும் இதே நிலை என்றால் பணத்தை முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள். இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால், எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் செகண்ட் ஹேண்டில் வாங்குமுன் 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். சில கட்டைகள் மட்டும் திடீரென உரத்து ஒலித்தால் உள்ளே கட்டைகளுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் கார்பன் ரப்பர் கெட்டிருக்க வாய்ப்புண்டு.

மாறுவதென்று முடிவெடுத்தால் பழைய கருவியைக் கைமாற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. எஸ்670-இல் கட்டிய ஸ்டைல்களை பென்டிரைவில் எடுத்து எஸ்எக்ஸ்700-இல் திறக்கலாம் என்றாலும், எக்ஸ்பான்ஷன் பேக் அப்படியே வராது. புதிய கருவியிலிருந்து அதன் தகவல் கோப்பை எடுத்து, கணினியில் யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருளில் சேர்த்து, அந்தக் கருவிக்கென்று பேக்கைப் புதிதாக உருவாக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய ஸ்டைலைத் திறந்தால், தபலா ஒலிக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒலிக்கும். ரெஜிஸ்ட்ரேஷன்களையும் (ஒலி, ஸ்டைல் முதலியவற்றைச் சேர்த்துச் சேமித்து வைத்த அமைப்புகள்) ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துச் சேமிக்க வேண்டியிருப்பதால், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கும் டிசம்பரை நெருங்கி இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம் என்றும், கோடை விடுமுறையில் வாங்கலாம் என்றும் எங்கள் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.