லித்தியத்தோடு எதைச் சேர்ப்பது: குவிடியாபினா, லாமோட்ரிஜினா, தைராக்சினா?

மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் போகும் பைபோலார் நோயில், ஏற்றத்தை லித்தியம் மருந்து நன்றாகவே பிடித்து நிறுத்துகிறது. இறக்கம், அதாவது மனச்சோர்வுதான் பலருக்கும் லேசில் விடுவதில்லை. ரத்தத்தில் லித்தியம் சரியான அளவில் இருந்தும் பல் தேய்க்கக்கூட மனசு வராமல் கிடந்தபோது, டாக்டர் மூன்று வழிகளைச் சொன்னார். நான் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை பக்கம் போனேன். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆதாரம் என்று பார்த்தால் குவிடியாபின்தான் முன்னே நிற்கிறது. பைபோலார் மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற மருந்து. தூக்கமும் வரும். ஆனால் எடை கூடும், சர்க்கரை ஏறும். அப்பாவுக்கும் அத்தைக்கும் சர்க்கரை இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. காலை மந்தத்தோடு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறுவதும் என்னால் ஆகாது.

லாமோட்ரிஜின் பொதுவாக எடையைக் கூட்டுவதில்லை, மந்தமும் குறைவு. ஆனால் 25 மில்லிகிராமில் தொடங்கி 200க்குப் போக சுமார் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற ஆபத்தான தோல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடும். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. உயிரை விடத் தோன்றும் அளவுக்கு இறங்கியவருக்கு ஆறு வாரம் ரொம்ப நீளம்.

இனி தைராக்சின். லித்தியமே தைராய்டு சுரப்பியை மந்தமாக்கக்கூடியது, பெண்களுக்கு இன்னும் அதிகமாக. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். தைராய்டு குறையும்போது ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் எனக்கு ஏறியிருந்ததால், குறைவதை ஈடுகட்டும் சாதாரண அளவே போதும் என்றார் டாக்டர். தைராய்டு சரியாக இருப்பவர்களுக்கே மிக அதிக அளவில் கொடுத்துப் பார்ப்பது வேறு விஷயம். 62 பேருக்கு 6 வாரம், தினம் 300 மைக்ரோகிராம் என்று நடந்த ஒரு ஆய்வு 2014இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களுக்குச் சோர்வு கூடுதலாகக் குறைந்தது, ஆனால் முடிவில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. பெண்களிடம் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. அந்த அளவில் எனக்கு அனுபவம் இல்லை, அதைப் பற்றி நான் உறுதி சொல்ல மாட்டேன்.

என்னைச் சாய்த்தது பராமரிப்புதான். லித்தியம் சாப்பிடுகிறவர் எப்படியும் லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், டிஎஸ்எச் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தைராக்சினுக்கும் அதே ரத்தம் போதும். இரவு எட்டுக்கு லித்தியம், மறுநாள் காலை எட்டுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் லித்தியம் அளவு பார்க்கணும் என்ற கணக்கும் சரியாகிவிடும். அன்றைக்கு மட்டும் தைராக்சின் ரத்தம் கொடுத்த பிறகு. மற்ற நாளில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை என்றால் நாலு மணி நேரம் தள்ளி. கம்பெனியை மாற்றாமல் வாங்குங்கள். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் மறுபடி பார்க்கணும். மாத்திரை பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள், சூடு ஆகாது.

சென்னையில் இன்னொரு சிக்கல். தைராக்சின் அதிகமானால் வியர்க்கும், படபடக்கும். அக்னி நட்சத்திரத்தில் வியர்ப்பது யாருக்குத்தான் இல்லை? வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் அளவும் ஏறும். டபராவில் காபி ஆற்றும்போது கை நடுங்கினால் அது லித்தியமா தைராக்சினா என்று பார்த்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். மே மாதம் தண்ணீர் நிறையக் குடித்து, சந்தேகம் வந்தால் உடனே டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது.

இதயத்துடிப்பு தாறுமாறாகும் பிரச்சினை உள்ளவர்களும், மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்தவர்களும் தைராக்சினை அதிக அளவில் எடுக்கும் பேச்சுக்கே போக வேண்டாம். எலும்பு தேய்ந்தவர்கள் டாக்டரிடம் குவிடியாபினைப் பற்றிக் கேட்கலாம், சர்க்கரையையும் எடையையும் கவனித்துக்கொண்டு. இதயத்துடிப்புப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் குவிடியாபினும் ஆகாமல் போகலாம், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடணும்.